மிஷனரி பொத்தானுக்குப் பதில் என்ன வைக்கலாம்?

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற கணினி விளையாட்டில் விஜயநகரத்தை எடுத்து ஆடியவர்களுக்கு அந்தத் திரை பழகியிருக்கும். பழைய ராஜா போய்ப் புது ராஜா வந்ததும் மதத்துக்கான பக்கத்தைத் திறந்தால் சிவன், விஷ்ணு, சக்தி, பிள்ளையார், சூரியன், கங்கை என்று ஆறு படங்கள் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டால் அந்த ராஜா இருக்கும்வரை ஒரு போனஸ். போர் வரப்போகிறதா, அதற்குத் தோதானதை எடு. கஜானா காய்கிறதா, வேறொன்றை எடு. அப்பன் சிவனை எடுத்தான், மகன் விஷ்ணுவுக்கு மாறிவிட்டான் என்று நாடு முழுக்கத் தேடினாலும் முகம் சுளிக்க ஆள் கிடையாது.

16-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர், சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள் இருக்கும் கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதியைப் பெரிதாகக் கட்டத் தொடங்கினார். கோயில் அர்ச்சகர்கள் எதிர்த்தார்கள். நாயக்கர் கேட்பதாக இல்லை. கோபுரத்தின் மேலேறிக் குதித்து இருபது பேர் உயிரை விட்டார்கள் என்று, அந்தச் சமயம் அந்தப் பக்கம் வந்த யேசு சபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமென்டா எழுதிவைத்திருக்கிறார். விளையாட்டின் கண்ணில் இரண்டு தரப்பும் ஒரே 'இந்து', வரைபடத்தில் ஒரே வண்ணம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த ஆட்டத்தில் மதம் ஏன் சப்பென்று இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. எதிரில் ஆள் இல்லை. நாம் ஒன்று செய்தால் கோபித்துக்கொள்ள, பேரம் பேச, 'போன தலைமுறையில் உங்கள் தாத்தா கொடுத்த வாக்கு என்னவாயிற்று' என்று கேட்க ஒருவரும் இல்லை.

நாங்கள் மூன்று நண்பர்கள். வேலை முடிந்த பிறகு வாரத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து இந்த ஆட்டத்துக்கு மாட் (ஆட்டத்தின் விதிகளை மாற்றும் கூடுதல் கோப்புகள்) எழுதுகிறோம். அடுத்து கைவைக்க வேண்டியது மதம் என்று முடிவானதும் ஆளுக்கொரு வழியைப் பிடித்துக்கொண்டோம். எண்களைத் திருகினால் போதும் என்றார் ஒருவர். மாகாணத்துக்குள் மக்கள் கணக்கையே கொண்டுவர வேண்டும் என்றார் இன்னொருவர். நான் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் அந்தச் சண்டையிலேயே போயிற்று. அதில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

ஆடிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டம் 1444 நவம்பர் 11-இல் தொடங்கி 1821 வரை போகும். உலகம் மாகாணங்களாகப் பிரிந்து கிடக்கும். ஒரு மாகாணத்துக்கு ஒரே மதம், நாட்டுக்கு ஒரு அரச மதம். இரண்டும் ஒத்துப்போனால் 'மத ஒற்றுமை' ஏறும். ஒத்துப்போகாவிட்டால் இறங்கும், ஊர் கொந்தளிக்கும், கலகப்படை கிளம்பும். மருந்து இரண்டுதான். மிஷனரியை அனுப்பி ஊரை மாற்றலாம்; இல்லையென்றால் சகிப்புத்தன்மை எண்ணை ஏற்றிக்கொண்டு சும்மா இருக்கலாம். மிஷனரியின் பலம் மாதத்துக்கு 4 சதவீதம் என்றால் 25 மாதம் ஆகும். 24-ஆம் மாதம் வரை அந்த ஊரில் ஒருவர்கூட மாறியிருக்க மாட்டார். 25-ஆம் மாதம் தொட்டில் குழந்தை வரை மொத்த ஊரும் மாறியிருக்கும்.

நியாயமாகச் சொன்னால், ஒவ்வொரு மதத்துக்கும் ஏதோ ஒரு தனிப் பொம்மை உண்டு. கத்தோலிக்கர்களுக்குக் கார்டினல்கள், ஆர்த்தடாக்ஸ் நாடுகளுக்குத் திருவுருவங்கள், கன்பூசிய நாடுகளுக்கு ஒத்திசைவு. எனக்கு இவற்றில் மெய்யாகவே பிடித்தது புராட்டஸ்டன்ட் மதம் கிளம்பும் ஊர்களான சீர்திருத்த மையங்கள் ஒன்றுதான். ராஜாவின் உத்தரவுக்குக் காத்திராமல் மதம் பக்கத்து மாகாணங்களுக்குத் தானாகப் பரவும். மற்றதெல்லாம் வேறு வேறு உறையில் சுற்றிய அதே போனஸ் மிட்டாய்.

சரி, வழிகளை உரசிப் பார்க்க ஒரு கல் வேண்டுமே. வரலாற்றில் நடந்த மூன்று சங்கதிகளை எடுத்துக்கொண்டோம். எந்த வழியில் போனால் இவை ஆட்டத்துக்குள் நடக்க இடமிருக்கிறது என்பதுதான் சோதனை.

முதலாவது சிரவணபெளகொளாவில் இருக்கும் 1368-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஆட்டம் தொடங்குவதற்கு 76 ஆண்டு முந்தியதுதான். ஆனாலும் நாம் ஆடும் விஜயநகரம் எப்படி ஓடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. வைணவர்கள் தங்களுக்கு அநியாயம் செய்கிறார்கள் என்று சமணர்கள் முதலாம் புக்கராயரிடம் முறையிடுகிறார்கள். திருவரங்கம், திருப்பதி, காஞ்சிபுரம், மேல்கோட்டை என்று பல தலங்களின் வைணவர்களை வைத்துக்கொண்டு, சமணர்களின் கையைப் பிடித்து வைணவர்களின் கையில் வைக்கிறார் ராஜா. இரு தரிசனங்களுக்கும் வேறுபாடு இல்லை என்கிறார். ஐந்து பெருவாத்தியங்களும் கலசமும் சமணர்களுக்கு முன்போலவே உண்டு. அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. சமணர்களின் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் வசூலாகும். அதில் பெளகொளாவின் தெய்வத்துக்குக் காவலாக இருபது பேரை வைணவர்கள் நியமிக்க வேண்டும். மிச்சப் பணத்தில் இடிந்த சமணக் கோயில்களைப் பழுதுபார்த்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். யார்மேல் புகாரோ அவர்களையே காவலுக்குப் பொறுப்பாக்கிவிட்டார்!

இரண்டாவது முத்துக்குளித்துறைக் கடற்கரை. முத்துக்குளிப்பு உரிமையை ஒட்டி முஸ்லிம் வணிகர்களோடு மூண்ட மோதலில் பரதவர்கள் கொச்சியிலிருந்த போர்த்துகீசியரிடம் தூது போனார்கள். பாதுகாப்புக் கேட்டார்கள். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சேவியர் அந்தக் கரைக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1542-இல். நிலம் போர்த்துகீசியருடையது இல்லை. அந்த நிலத்தை ஆண்ட ராஜா யாரையும் மாறச் சொல்லவில்லை. ஒரு சாதி மொத்தமாகக் கூடிப் பேசி, தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த முடிவு அது.

மூன்றாவது ஐரோப்பாவில், இரண்டு முனை கொண்டது. 1613 கிறிஸ்துமஸ் அன்று பிராண்டன்பர்க்கின் இளவரசர் யோகான் சிகிஸ்முண்ட் கால்வினிய முறையில் நற்கருணை வாங்கினார். குடிமக்களோ புராட்டஸ்டன்ட்டுகளில் வேறு பிரிவான லூத்தரன்கள். 1615-இல் பெர்லினில் கலவரம் வெடித்தது. அவர் இறங்கிவந்து, நீங்கள் உங்கள் மதத்திலேயே இருங்கள் என்று விட்டுவிட்டார். மற்ற முனை பிரான்ஸ். 1598-இல் நான்டெஸ் ஆணை வந்தபோது அது உரிமை கொடுத்த ஹியூகெனோக்கள் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்டுகள்) கையில் கோட்டை நகரங்கள் இருந்தன. 1628-இல் அவற்றில் ஒன்றான லா ரொஷெல் விழுந்தது. அடுத்த ஆண்டு படை வைத்துக்கொள்ளும் உரிமை போயிற்று. வழிபாட்டு உரிமை மட்டும் மிஞ்சியது. 1685-இல் பதினான்காம் லூயி அதையும் ரத்து செய்தார். தப்பி ஓடியவர்களில் ஒரு பகுதியினரை அதே ஆண்டு போட்ஸ்டாம் ஆணை போட்டு வரவேற்றது யார் என்றால், அந்த யோகான் சிகிஸ்முண்டின் பேரன்.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. மூன்றிலும் பேச்சுவார்த்தை இருக்கிறது, யாரோ எதையோ கொடுத்து எதையோ வாங்குகிறார்கள். எங்கும் 25 மாத மிஷனரி இல்லை.

எண்களைத் திருகுவது

முதல் நண்பரின் வழி இது. மிஷனரி பலத்தைப் பாதியாக்கு, செலவை ஏற்று, வேற்று மதத்தவர் மீதான சகிப்புத்தன்மையின் தொடக்க எண்ணைக் கூட்டு. ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். ஆட்டத்தின் அடுத்த பேட்ச் (தயாரிப்பாளர்கள் விடும் திருத்தம்) வந்தாலும் பெரிதாக உடையாது. வேறு மாட்களோடும் சண்டை போடாது.

செய்துதான் பார்த்தோம். எண்களை மாற்றிவிட்டு, யாரும் ஆடாமல் கணினியையே ஆடவிட்டு, 1444-இலிருந்து 1600 வரை ஓடவைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து மத வரைபடத்தைப் பார்த்தால் வண்ணங்கள் முன்பைவிட மெதுவாக மாறியிருந்தன. அவ்வளவுதான். பாமினி சுல்தான்களின் நிலத்தில் இந்து மாகாணங்கள் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சியிருந்தன, ஆனால் அவை மிஞ்சியதால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை. பழைய ஆட்டத்தைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. மூன்று சோதனையில் ஒன்றுகூடத் தேறவில்லை. உப்பு சரியில்லாத குழம்புக்குத்தான் உப்புப் போட்டுச் சரிசெய்ய முடியும். காயே போடாத குழம்பை என்ன செய்வது?

ஈவென்ட்களாக எழுதித் தள்ளுவது

ஈவென்ட் என்றால் திரையில் ஒரு செய்தி வந்து, சில தேர்வுகளில் ஒன்றை எடுக்கச் சொல்வது. மாட் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் போகும் பாதை இதுதான். வரலாற்றை அப்படியே கொண்டுவரலாம், எழுதுவதும் சுகம். சிரவணபெளகொளா கல்வெட்டை வைத்து ஒரு ஈவென்ட் எழுதினேன். சமணர்கள் அரண்மனை வாசலில் நிற்கிறார்கள், மூன்று தேர்வுகள். கையைப் பிடித்துச் சேர்த்துவைத்தால் பத்து ஆண்டுக்குக் கொந்தளிப்புக் குறையும், கொஞ்சம் காசு போகும். வைணவர் பக்கம் சாய்ந்தால் செல்வாக்கு ஏறும், மைசூர்ப் பக்கம் கலகம் வரலாம். ஒன்றும் செய்யாவிட்டால் நிலைத்தன்மை ஒரு படி இறங்கும்.

முதல் தடவை அது திரையில் வந்தபோது எனக்கே சிலிர்த்தது. இரண்டாம் தடவை பலன்களை மட்டும் படித்தேன். மூன்றாம் தடவை படிக்கவே இல்லை, கை தானாக முதல் பொத்தானுக்குப் போய்விட்டது. ஈவென்ட்டின் வியாதி இதுதான். வாய் திறந்து ஒரே ஒரு முறை பேசும், நாம் பதில் சொன்னதும் செத்துவிடும். சமணர்கள் அடுத்த தலைமுறையில் திரும்பி வந்து 'காவலாளிகளை ஏன் நிறுத்தினீர்கள்' என்று கேட்க வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு ஈவென்ட், அதற்குப் பின்னால் இன்னொன்று.

இன்னொரு சங்கடம், வரலாறு திசை மாறினால் ஈவென்ட்டுக்கு வேலை இல்லை. பிரான்சின் மதப் போர்களுக்கென்று ஆட்டத்திலேயே தனி ஏற்பாடு இருக்கிறது. ஆனால் என் ஆட்டத்தில் பிரான்ஸ் அமைதியாகக் கிடந்து, போலந்தில் கால்வினியம் பரவினால், நான்டெஸ் போன்ற ஒன்று வார்சாவில் வர வழியில்லை. (வார்சாவில் மெய்யாகவே 1573-இல் அப்படி ஓர் உடன்பாடு வந்தது. எல்லா நாட்டுக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தால் எங்கள் பேரப்பிள்ளைகள்தான் முடிக்க வேண்டும்.)

போகிறபோக்கில் ஒரு வயிற்றெரிச்சல். இந்த ஆட்டத்தில் தமிழ் எழுத்துத் தெரியாது. எழுத்துரு ஏற்பாடு மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. சிதம்பரத்தைப் பற்றி எழுதினாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.

மாகாணத்துக்குள் மக்களைக் கொண்டுவருவது

இரண்டாம் நண்பரின் கனவு இது. ஒவ்வொரு மாகாணத்திலும் எந்த மதத்தினர் எத்தனை சதவீதம் என்று வேரியபிள்களில் (எண்ணைச் சேமித்துவைக்கும் இடங்களில்) வைத்துக்கொள்வது. ஆண்டுக்கொரு முறை அவற்றை ஏற்றி இறக்குவது. காகிதத்தில் இதற்கு மிஞ்சியது இல்லை. முத்துக்குளித்துறை இதில் அழகாக உட்காரும்: மாகாணம் இந்துவாகவே இருக்கும், கத்தோலிக்கப் பங்கு பூஜ்யத்திலிருந்து மேலே ஏறும். 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் ஒட்டோமான் சலோனிக்காவில் வந்து குவிந்ததைக் காட்டலாம். ஹியூகெனோக்கள் பெர்லினுக்குக் கிளம்புவதையும் காட்டலாம்.

உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததும் மூன்று சுவர்களில் முட்டினோம். முதல் சுவர், காட்டுவதற்கு இடமில்லை. மாகாணத் திரையில் ஒரு மதச் சின்னத்துக்குத்தான் இடம். சதவீதத்தை ஆட்டக்காரருக்குத் தெரிவிக்க மாடிஃபையர் என்ற குறிப்புச் சின்னம் ஒட்டுவதுதான் ஒரே வழி: 'சிறு கத்தோலிக்கக் குடியிருப்பு', 'பெரும் கத்தோலிக்கக் குடியிருப்பு' என்று. ஐந்து மதம், நான்கு படி என்றால் இருபது ஸ்டிக்கர். மதுரையைத் திறந்தால் மாகாணமே தெரியாமல் ஸ்டிக்கராகத் தெரிந்தது. இரண்டாவது, வேகம். ஆயிரக்கணக்கான மாகாணங்களுக்கு ஆண்டுதோறும் இந்தக் கணக்கை ஓட்டினால் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஆட்டம் மூச்சுவாங்கி நிற்கிறது.

மூன்றாவதுதான் கெட்ட சுவர். கணினி ஆடும் நாடுகளுக்கு நம் வேரியபிள் ஒரு பொருட்டே இல்லை. மிஷனரியை எங்கே அனுப்புவது என்ற முடிவு ஆட்டத்தின் உள்ளே, நம் கை எட்டாத இடத்தில் இருக்கிறது. நாம் 'இந்த ஊரில் 40 சதவீதம் லூத்தரன்கள், கைவைத்தால் எரியும்' என்று எழுதிவைத்தாலும் அது பாட்டுக்கு மிஷனரியை அனுப்பிக்கொண்டிருக்கும். உலகத்தில் நாம் ஒருவர் மட்டும் ஒரு விளையாட்டு ஆட, மற்ற எல்லோரும் வேறு விளையாட்டு ஆடுகிறார்கள்.

இதைவிட அடிப்படையான சந்தேகம் ஒன்றும் எனக்கு உண்டு. 40 சதவீதம் என்ற எண் தெரிந்துவிட்டது, அப்புறம்? அந்த நாற்பது பேரில் யாரோடு பேசுவது? யோகான் சிகிஸ்முண்டுக்குத் தன் நாட்டில் எத்தனை பேர் லூத்தரன்கள் என்று யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீதிக்கு வந்துவிட்டார்கள் என்பது போதுமாக இருந்தது.

அப்படியானால் பழைய ஆட்டத்தை விட்டுவிட்டுப் புதியதற்கே போய்விடலாமே என்று ஒரு பேச்சு எழுந்தது. 2025 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகத்தில் மக்கள் கணக்கு அடித்தளத்திலேயே இருக்கிறது. ஒரே ஊரில் பல மதத்தவர் இருக்கலாம். ஆட்டம் 1337-இல் தொடங்குவதால் 1368-உம் காலக்கோட்டுக்குள் வந்துவிடுகிறது. ஸ்டிக்கர் தொல்லை இல்லை. எனக்கும் சபலம்தான். ஆனால் புது வீடு, சுவர் இன்னும் காயவில்லை. ஒவ்வொரு பேட்சிலும் கதவு ஜன்னல் இடம் மாறுகிறது. வாரத்தில் இரண்டு ராத்திரி உழைக்கிறவர்கள் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. எங்களில் ஒருவரின் மடிக்கணினி அதைத் திறந்தாலே விசிறி அலறுகிறது என்பது வேறு கதை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தோம். க்ரூசேடர் கிங்ஸ் 3 என்ற இன்னொரு விளையாட்டின் பாணியில் ஆட்டக்காரரே கொள்கைகளைப் பொறுக்கி ஒரு மதத்தைக் கட்டும் ஏற்பாடும் பேச்சில் வந்தது. ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டோம். வேடிக்கைதான், ஆனால் அது எங்கள் கேள்விக்குப் பதில் இல்லை. அங்கேயும் ஒரு கவுன்டிக்கு (மாகாணம் போன்ற நிலப்பகுதிக்கு) ஒரே மதம்.

எதிரில் ஒரு ஆளை உட்கார வைப்பது

இது என் வழி. ஆட்டத்தில் எஸ்டேட் என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது: பிரபுக்கள், மதகுருமார், நகர வணிகர். இவர்களுக்கு நிலம் உண்டு, செல்வாக்கு உண்டு, நம்மேல் விசுவாசம் உண்டு அல்லது இல்லை. பிரிவிலேஜ் (சலுகை) கொடுத்து விசுவாசத்தை வாங்கலாம். பிடுங்கினால் கோபிப்பார்கள், கோபம் முற்றினால் எழுவார்கள். இந்திய நாடுகளுக்குப் பிராமணர் எஸ்டேட் உண்டு; முஸ்லிம் நாடுகளில் திம்மிகள் (பிற மதக் குடிகள்) உண்டு. இன்னொரு வேடிக்கை, மாகாண மதங்களின் பட்டியலில் சமணம் கிடையாது, ஆனால் சமணர்கள் எஸ்டேட்டாக இருக்கிறார்கள்! அதாவது எங்களுக்கு வேண்டிய ஆள் ஏற்கெனவே அறைக்குள்தான் நின்றுகொண்டிருக்கிறார். அவரோடு மதத்தைப் பற்றிப் பேசத்தான் ஏற்பாடு இல்லை.

என் யோசனை எளிது. அரச மதத்தைச் சேராத மக்கள் ஓர் அளவுக்கு மேல் இருந்தால், அவர்கள் ஓர் எஸ்டேட்டாக எழுந்து நிற்பார்கள். அவர்களோடு செய்யும் ஒவ்வோர் உடன்படிக்கையும் ஒரு பிரிவிலேஜ். வழிபாட்டு உரிமை, வாத்திய உரிமை, கோட்டை நகரம், வரிவிலக்கு என்று தனித்தனியாக. கொடுத்தால் மத ஒற்றுமைக் குறைவின் தண்டனை அந்தத் தரப்பினருக்கு நீங்கும். ஆனால் உடன்படிக்கை ராஜாவோடு சாகாது. அடுத்த ராஜாவும் அதைச் சுமப்பான்; முறித்தால் விலை கொடுப்பான்.

நான்டெஸ் இதில் கச்சிதமாக வந்து விழுகிறது. கோட்டை நகரம் கொடுத்த நாள் முதல் உள்நாட்டிலேயே ஆயுதம் தாங்கிய ஒரு தரப்பு இருக்கும். அதன் செல்வாக்கு ஏறும். லா ரொஷெல்லை முற்றுகையிட்டுப் பிடித்தால் அந்தப் பிரிவிலேஜ் கழன்றுவிடும், வழிபாட்டு உரிமை மட்டும் தொங்கும். பல்லில்லாத அந்த உரிமையைப் பிடுங்குவது ரொம்ப மலிவு. 57 ஆண்டு கழித்து லூயிக்கு ஏன் கை அரித்தது என்று ஆட்டக்காரருக்கு விளக்கவே வேண்டாம், அவருக்கே அரிக்கும். பிடுங்கினால் அந்த மாகாணங்களின் வளர்ச்சி குறைந்து, அதே மதத்து ராஜா இருக்கும் நாட்டுக்குப் போகும். பிராண்டன்பர்க் தன் வாசலில் நின்று வாங்கிக்கொள்ளும்.

பெளகொளாவும் வருகிறது, ஒரு திருப்பத்தோடு. அங்கே பேச்சுவார்த்தை ராஜாவுக்கும் ஒரு தரப்புக்கும் மட்டும் நடக்கவில்லை. இரண்டு தரப்பின் கையை ராஜா சேர்த்துவைக்கிறார். அதனால் பிரிவிலேஜைச் சமணர்களுக்குக் கொடுக்கும்போது அதன் பொறுப்பைப் பிராமணர் எஸ்டேட்டின் விசுவாசத்தோடு கட்டிவிட்டோம். வைணவர், பிராமணர் என்பதை ஆட்டம் ஒரே டப்பாவில் போட்டிருக்கிறது. அதற்கு மேல் எங்களால் பிரிக்க முடியவில்லை. அந்த எஸ்டேட்டின் விசுவாசம் பாதிக்குக் கீழே போனால் காவல் நின்றுவிடும், சமணர்கள் வாசலுக்கு வருவார்கள். இந்த இடத்தில் என் பழைய ஈவென்ட்டைப் பயன்படுத்திக்கொண்டேன். இப்போது அதற்குப் பின்னால் ஓடுகிற ஒரு நிலவரம் இருக்கிறது, அதனால் நான் பொத்தானை அழுத்துமுன் படிக்கிறேன்.

சிதம்பரமும் கொஞ்சம் வருகிறது. ராஜா மாறும்போது தெய்வத்தை மாற்றினால், பழைய தெய்வத்தின் காலத்தில் கொடுத்த கோயில் மானியங்கள் என்னவாகும் என்ற கேள்வி எழும். ஆறு படங்களில் ஒன்றைத் தொடும்போது கை ஒரு நொடி தயங்கினால் எனக்கு அது போதும்.

தேறாதது முத்துக்குளித்துறை. எஸ்டேட் என்பது நாட்டுக்குள் இருக்கும் ஆள். பரதவர்களோ வெளியே இருந்த ஒரு சக்தியிடம் போனார்கள். அதற்கு இரண்டாம் நண்பரின் மக்கள் கணக்கில் ஒரு துண்டை வெட்டி எடுத்தோம். உலகம் முழுக்க வேண்டாம். வேற்று நாட்டின் வணிகச் செல்வாக்கு மிகுந்த கடலோர மாகாணங்களில் மட்டும் ஒரே ஒரு வேரியபிள், ஒரே ஒரு ஸ்டிக்கர். பாதுகாப்புக் கொடுப்பவர் யாரோ அவர் மதத்தில் ஒரு சமூகம் சேரும்; மாகாணத்தின் மதம் மாறாது; ஆனால் அந்தக் கரையின் வருமானத்தில் ஒரு பங்கும், தலையிட ஒரு சாக்கும் அந்நியருக்குப் போகும். முழுத் திருப்தி இல்லை. ஒரு சாதி கூடி முடிவெடுத்தது என்பது இதில் தெரியாமல் போய்விடுகிறது. இரண்டாம் நண்பர் இன்னும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கணினி நாடுகளின் பிரச்சினை இந்த வழியில் பாதிதான் தீர்கிறது. பிரிவிலேஜ் கொடுக்கலாமா என்பதற்கு எடைபோடும் எண்ணை நாமே எழுதலாம். அது ஆட்டத்துக்குப் புரியும் பாஷை. பிடுங்குவதில்தான் மண்டூகமாக இருக்கிறது. சோதனை ஓட்டத்தில் ஒட்டோமான் ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டு அதன்பிறகு தொடவே இல்லை, பிரான்ஸும் அப்படியே. ஐரோப்பா முழுக்க நல்லவர்களாகிவிட்டார்கள்! எரிச்சலாக இருந்தது. இப்போதைக்கு, எஸ்டேட்டின் செல்வாக்கு ஓர் எல்லைக்குக் கீழே போனால் கணினி ராஜாவுக்குச் சபலம் காட்டும் ஒரு ஈவென்ட்டை வைத்து ஒப்பேற்றியிருக்கிறோம்.

எங்கள் கணக்கில் நாற்பது ராத்திரி வேலை. எண்களைத் திருகும் வழிக்கு ஒன்று, ஈவென்ட் வழிக்கு முடிவே இல்லை, மக்கள் கணக்குக்கு ஒரு வருடம். முதல் நண்பரின் மிஷனரிக் கணக்கையும் கடைசியில் சேர்த்துக்கொண்டோம். மிஷனரி மலிவாக இருக்கும்வரை யாரும் பேச்சுவார்த்தைக்கு உட்கார மாட்டார்கள் என்பது அவர் வாதம். அதில் எனக்கு மறுப்பில்லை.

இதுவரை ஆறு பிரிவிலேஜ் எழுதி முடித்தாயிற்று. ஏழாவது புக்கராயருடையது. வீட்டுக்கு ஒரு பணம் என்பதை ஆட்டத்தின் நாணயமான டக்கட்டில் எவ்வளவு என்று வைப்பது என்பதில் நேற்று ராத்திரி ஒரு மணி வரை சண்டை. மாதத்துக்கு 0.1 போதும், யாருக்கும் தெரியக்கூடாது என்கிறார்கள் இருவரும். கஜானாவில் தெரிந்தால்தான் ராஜாவுக்கு அந்த இருபது காவலாளிகள் ஞாபகம் இருப்பார்கள், 0.5 வை என்கிறேன் நான். வியாழக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.